துருவின் மேல் தகடு வேண்டாம்: ஆண்டிமடம் வட்டாரப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டிமடம், விளந்தை, வரதராஜன்பேட்டை, ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி பக்கங்களில் கார், வேன்களுக்கு டிங்கரிங் வேலை பார்க்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், கூட நின்று கிரைண்டர் பிடிக்கும் தம்பிகளுக்கும்,

பழைய ஓம்னிக்கும் மாருதி 800-க்கும் நீங்கள் போட்டுக் கொடுக்கிற பிளாட்பாரத்தைப் பற்றித்தான், அதாவது வண்டியின் தரைத் தகட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வண்டியின் வெளிப்புறத்தில் நீங்கள் செய்யும் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. மரத்தில் மோதி மடங்கிய கதவைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து நிறுத்தினால் அடிபட்டது எந்தப் பக்கம் என்று வண்டிக்காரரே தேட வேண்டியிருக்கும். அதே கை, கால் வைக்கும் மேட் விரிப்புக்கு அடியில் போனதும் ஏன் இப்படி மாறிப்போகிறது? அங்கே துருவைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு, ஓட்டையை மறைக்கும் அளவுக்கு ஒரு தகட்டை அதன் மேலேயே வைத்து, 10 நம்பர் ராடால் அங்கங்கே ஆர்க் அடித்து, மேலே கறுப்பு கோட்டிங் பூசி, மேட்டை விரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டது. எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் "பிளாட்பாரம் போயிடுச்சு, ஒரு ஷீட்டைப் போட்டு அடைச்சு விடுங்க" என்று வருகிற வண்டிக்கு இதுதான் வழக்கமான வைத்தியம் என்பதை நீங்களே மறுக்கமாட்டீர்கள். இந்தப் பழக்கத்தை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேல் தகடு ஒட்டுவது அரைகுறை வேலை என்றுகூட நான் சொல்லமாட்டேன். ஒன்றுமே செய்யாமல் விடுவதைவிட மோசமான வேலை அது என்பதே என் வாதம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நம் மாவட்டத்தின் தொழிலே அதற்குப் பாதி பதில் சொல்கிறது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் வந்த நாளிலிருந்து இங்கே பட்டறை என்றால் முதல் வேலை லாரி வேலைதான். லாரிக்குக் கீழே உரமான சேஸ் இருக்கிறது. பாரம் முழுக்க அதன் மேல். கேபின் தரை துருப்பிடித்துப் போனால் டிரைவரின் கால் கீழே இறங்காமல் இருந்தால் போதும். அதற்குக் கனமான தகட்டைப் போட்டு ஆர்க் அடிப்பதில் தப்பே இல்லை. பழைய ஜீப்புக்கும் அப்படியே. ஆனால் மாருதி 800-க்கும் ஓம்னிக்கும் தனி சேஸ் கிடையாது. பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஏமாற்றும் அம்பாசடருக்குக்கூட லாரி மாதிரித் தனிச் சட்டம் இல்லை. அடித்தளத் தகடு, இரு பக்கமும் ஓடும் ரன்னிங் போர்டு, நடுவில் எழும்பியிருக்கும் டனல், சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டிக்கட்டு, மேலே பில்லர், கூரை எல்லாம் ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்துதான் அந்த வண்டியின் சேஸ். மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ எடைக்குள் அடங்கியதற்குக் காரணமே இதுதான். முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மடித்து, வரி போட்டு, பெட்டியாக மூடி, பலத்தைத் தகட்டின் கனத்தில் வைக்காமல் வடிவத்தில் வைத்தார்கள். ஆக, லாரியில் தரை போனால் போனது தரை மட்டும். காரில் தரை போனால் போனது சேஸில் ஒரு பங்கு.

அந்தத் தரையில் எதெது மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சீட்டின் நாலு கால். சீட் பெல்ட்டின் கீழ்முனையும் கொக்கியும் போல்ட் போட்ட இடங்கள். ஓம்னியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றின் கிளிப்புகள். சீட் பெல்ட் மாட்டும் இடம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு ஐக்கிய நாடுகள் அவையின் 14-ஆம் எண் வாகன விதியில் ஓர் அளவு இருக்கிறது. கார்களைப் பொறுத்தவரை தோள் பெல்ட்டுக்கும் இடுப்பு பெல்ட்டுக்கும் ஒரே நேரத்தில் தலா ஏறக்குறைய 1,350 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுத்துப் பார்ப்பார்கள், போல்ட் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. நம் வண்டிகளெல்லாம் அந்தச் சோதனைக்குப் போய் வந்தவை என்று நான் சொல்லவில்லை. மோதும்போது ஒரு மனித உடம்பு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு. அந்த இழுப்பு முழுவதும் கடைசியில் வந்து இறங்குவது நீங்கள் நாலு இடத்தில் ஆர்க் அடித்த தகட்டில். பிரிட்டனில் பழைய கார்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் சோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை மாட்டிய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த இடத்தில் பட்டி, பைபர், பித்தளை ஒட்டு எதுவும் செல்லாது. நம் ஊரில் அப்படி யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. அளக்க ஆள் இல்லாத இடத்தில் அந்த 30 சென்டிமீட்டரைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

துரு எப்படி வருகிறது என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் வைத்தியம் தப்பாகிறது. கீழே சேறு அடித்துத்தான் தரை ஓட்டையாகிறது என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மேலிருந்து கீழே இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி ரப்பர் வழியாகவும் கதவுக்கு அடியிலும் கசியும் தண்ணீர், வயலிலிருந்து ஏறியவர்களின் காலோடு வரும் ஈரம், இரண்டும் மேட்டுக்குக் கீழே உள்ள பஞ்சில் ஊறி நிற்கும். வெயில் அடித்தால் மேலே காயும், அடியில் காயாது. இப்போது கதவோரம் வரை ஒட்டித் தைத்துக் கொடுக்கும் செவன் டி மேட் வந்த பிறகு அந்த ஈரத்துக்கு வெளியே போக வழியே இல்லை. நம் பக்கத்து ஓம்னிகள் இன்னொரு பாவமும் செய்தவை. பின் சீட்டைக் கழற்றிவிட்டு உரமூட்டை ஏற்றுகிறோம். பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. அது சிந்தி ஈரம் பட்டால் இரும்பைத் தின்பதில் கடற்கரை உப்புக்குக் குறைந்ததல்ல. மீன் பெட்டி ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி வழியும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையில் கிளம்பும் மாவுப்புழுதி அடியில் ஒட்டி, மழையில் நனைந்து அப்பளமாகக் காய்ந்து நிற்கிறதே, அதுவும் துருவை உண்டாக்காது என்றாலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனையும் சேர்ந்து, கண்ணுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை தெரியும்போது அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அளவுக்குத் தகடு காகிதமாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினாலே தெரிந்துவிடும்.

இப்போது அந்த உள்ளங்கையின் மேல் புதுத் தகட்டை வைக்கிறீர்கள். வைத்தவுடன் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டாகிறது. அடியிலிருந்து ஏறும் ஈரம் அதற்குள் தானாக உறிஞ்சிக்கொண்டு போகும், திரும்பி வராது. காற்றுப் புகாத அந்த இடுக்குக்குள் துரு நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர் எதிர். வெளிப்பக்கம் காற்றுப்படும் இடத்தைவிட உள்ளே காற்றுக் குறைந்த இடமே வேகமாக அரிக்கும், இது இரும்பின் குணம். போதாததற்கு, துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து உப்பி இரண்டு தகட்டையும் பிரித்துத் தள்ளும். நீங்கள் புள்ளி புள்ளியாக அடித்த டேக் ஒவ்வொன்றாக விடும். வெல்டிங் சூட்டில் சுற்றியிருந்த பழைய பெயிண்டும் பிரைமரும் கருகிப்போயிருப்பதால் நல்லதாக இருந்த ஓரமும் துருவுக்குத் திறந்து கிடக்கும். அதற்கு மேல் பூசிய கறுப்பு கோட்டிங் ஈரத்தை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக உள்ளே பூட்டி வைக்கும். சொத்தைப் பல்லைச் சுரண்டாமல் மேலே சிமென்ட் வைத்து அடைத்தால் பல் மருத்துவரை என்ன சொல்லித் திட்டுவோமோ, அந்தத் திட்டு நமக்கும் பொருந்தும். ஓட்டையாக இருந்தவரை அது ஓர் எச்சரிக்கை. காலுக்குக் கீழே ரோடு தெரிந்தால் எவனும் பயப்படுவான், மெதுவாக ஓட்டுவான், என்றைக்காவது பட்டறைக்கு வருவான். மூடிய பிறகு அந்தப் பயமும் போய்விடுகிறது. துரு மட்டும் போகவில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மோசம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

"நாங்கள் போடுவது இரண்டு மில்லிமீட்டர் தகடு, கம்பெனி போட்டதைவிட மூன்று மடங்கு கனம், அது எப்படிப் பலமில்லாமல் போகும்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் லாரிக் கணக்கு இருக்கிறது. முக்கால் மில்லி தகட்டோடு இரண்டு மில்லி தகட்டைச் சேர்த்தால், வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் மெல்லியது வளையும், கனமானது வளையாது. வளைவு முழுவதும் இரண்டும் சேரும் கோட்டில் போய்க் குவியும். அங்கேதான் வெல்டிங் சூட்டில் தகடு ஏற்கெனவே சோர்ந்திருக்கிறது. விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும், தையல் பிரிந்த மாதிரி நேராக ஓடும். அதோடு இரண்டு மில்லி தகட்டை உருக்க வைக்கும் ஆம்பியர் பக்கத்திலுள்ள முக்கால் மில்லியைப் பொத்துவிடும். பொத்த இடத்தை அடைக்க இன்னும் ராடு, அதற்கு இன்னும் சூடு, இன்னும் பெரிய ஓட்டை. இந்தச் சுற்று உங்களில் எத்தனை பேருக்குப் பழக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. கனமான தகடு பலம் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிட்டால் இந்த வேலையில் பாதித் தொல்லை குறையும். 20 கேஜ், அதாவது 0.9 மில்லி சி.ஆர். ஷீட் போதும். தகடு வளையக்கூடாது என்றால் கனத்தைக் கூட்டுவதற்குப் பதில் கம்பெனிக்காரன் செய்ததையே செய்யுங்கள். வரி போடுங்கள், ஓரத்தை மடியுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் காயலான் கடையில் உடைத்துப் போட்டிருக்கும் அதே மாடல் வண்டியின் நல்ல பிளாட்பாரத்திலிருந்து வரியோடு வெட்டி எடுத்து வரலாம். அளவும் வளைவும் பொருந்திவிடும்.

நல்ல வேலை எது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் உங்களுக்குத் தெரியாதது அதிகம் இருக்காது. தெரிந்தும் விட்டுப்போவதுதான் பிரச்சினை. சீட், மேட், பஞ்சு எல்லாம் வெளியே வர வேண்டும். தார் ஷீட்டைச் சுரண்டி எடுத்து, வயர் கப் போட்டு ஓட்டி, எங்கே தகடு வெள்ளி நிறத்தில் மின்னுகிறதோ அதுதான் நல்ல இரும்பு என்று கோடு போட வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் விட்டு வெட்ட வேண்டும். வெட்டும்போது மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வெட்டினால் பின்னால் மூலையில் விரிசல் எழாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டித் திறந்துவிடக்கூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவை மூடிப் பார்த்து, இடைவெளி மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டே அடுத்த பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு பூட்டாது. அட்டையில் அச்சு வெட்டி, அதை வைத்துத் தகட்டை வெட்டினால் இடைவெளி சீராக வரும், வெல்டிங்கில் பொத்துவது தானாகக் குறையும். பிறகு டேக். ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறிப் போட்டு, ஒவ்வொரு முறையும் கையால் தொடும் சூட்டுக்குக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, தாம்பாளம் மாதிரிக் குழிந்து நிற்கும். பொறுமைதான் இந்த வேலையில் பாதி. டேக்குகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டாக நிரப்பி, கடைசியில் சுற்றிலும் இடைவெளி இல்லாத ஒரு கோடாக முடிக்க வேண்டும். தேய்த்த பிறகு அடியில் விளக்கைப் பிடித்து மேலிருந்து பார்த்தால், எங்கே ஊசிமுனை வெளிச்சம் வருகிறதோ அங்கே இன்னொரு சொட்டு.

வெல்டிங் முடிந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை, உண்மையில் தகட்டின் ஆயுள் அதற்குப் பிறகுதான் தீர்மானமாகிறது. மேலேயும் கீழேயும் ஜிங்க் பிரைமர். கோட்டின் மேல் பாடி சீலன்ட். பாத்ரூமுக்கு வாங்கும், புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானைப் பூசாதீர்கள், அந்த வாடையே அமிலம், அது தகட்டைத் தின்னும். ரன்னிங் போர்டுக்கு உள்ளே மெழுகோ கெட்டி ஆயிலோ அடித்து விடுங்கள். கம்பெனி வைத்த வடிகால் ஓட்டைகளைப் புதுத் தகட்டிலும் அதே இடத்தில் போட்டு, ரப்பர் மூடி வையுங்கள். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் தரையை மட்டும் மாற்றினால் அடுத்த தீபாவளிக்கு அடுத்த தீபாவளி அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். கண்ணாடி ரப்பரை மாற்றச் சொல்லி வண்டிக்காரரிடம் சொல்வதும் டிங்கரிங் வேலையில் சேர்த்திதான்.

"எங்களிடம் சி.ஓ.டூ. மிஷின் இல்லை" என்பது அடுத்த பதில். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மெல்லிய தகட்டுக்கு 0.8 மில்லி ஒயர் ஓடும் சி.ஓ.டூ. வெல்டிங்தான் வசதி, சூடு கட்டுக்குள் நிற்கும். வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் சின்ன இன்வெர்ட்டர் மிஷின்கள் சில பத்தாயிரம் ரூபாய்க்கு வந்துவிட்டன என்றாலும், எல்லாப் பட்டறையும் நாளைக்கே வாங்கிவிட முடியாது. ஆனால் இந்த ஊரில் கார் டிங்கரிங் ஆரம்பித்தவர்கள் எதை வைத்து ஆரம்பித்தார்கள்? கார்பைட் டிரம்மும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஒரு சின்ன நாசிலும்தான். அம்பாசடர், பியட் தரைகளைக் கேஸ் வெல்டிங்கில் உருக்கிச் சேர்த்த தலைமுறை அது. சூடு அதிகம் பரவும், தகடு கோணும், பிறகு தட்டி நிமிர்த்த வேண்டும், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த ஒட்டு நின்றது, ஏனென்றால் துருவின் மேல் கேஸ் வெல்டிங் ஏறாது, வேறு வழியில்லாமல் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆர்க் வந்து துருவின் மேலும் நெருப்பைக் கக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் சோம்பல் வந்தது. ஆகவே மிஷின் இல்லை என்பதை நான் ஒரு காரணமாக ஏற்கமாட்டேன். ஆர்க் தவிர வேறு எதுவுமே இல்லாத பட்டறை, பிளாட்பாரத்தை வெட்டித் தயார் செய்துகொடுத்து, ஒட்டும் வேலையை மட்டும் மிஷின் உள்ள பட்டறையில் கொடுத்து வாங்கலாம். லேத் வேலையை நீங்கள் அப்படித்தானே வெளியே கொடுக்கிறீர்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய மறுப்பு காசு. "வண்டியே அம்பதாயிரம்தான் போகும், அதுக்கு இருபதாயிரத்துக்குப் பிளாட்பாரமா?" என்று வண்டிக்காரர் கேட்கிறார். "எஃப்.சி.க்கு நிக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கப்பட்டது. மாருதி 800 தயாரிப்பு 2014-இலும் ஓம்னி 2019-இலும் நின்றுவிட்டதால், உங்களிடம் வரும் இந்த இரு வண்டிகளும் ஒவ்வொன்றாக அந்த 15 ஆண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. கட்டணத்தைக் கட்டிவிட்டு வருகிறவர் மிச்சச் செலவைக் குறைக்கப் பார்ப்பதும், பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கும் அந்த அரை நிமிடத்துக்குக் கறுப்பு கோட்டிங் போதும் என்று நினைப்பதும் புரிகிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது ஓட்டையை. ஓட்டையைச் சுற்றியுள்ள உள்ளங்கையை அவருக்கு யாரும் காட்டவில்லை. அதைக் காட்டக்கூடிய ஒரே ஆள் மேட்டைத் தூக்கிய நீங்கள்தான். காட்டாமல் இருந்துகொண்டு "கஸ்டமர் காசு கொடுக்கமாட்டேங்கிறார்" என்று சொல்வது நியாயமில்லை. ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றி அவரே விரலால் அழுத்திப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் அடைத்துக் கொடு என்று கேட்பவர்கள் சிலர் இருப்பார்கள். நிறையப் பேர் கேட்கமாட்டார்கள், அந்த வண்டியில் அவர்கள் ஏற்றுவது சொந்தப் பிள்ளைகளை.

கணக்காகப் பார்த்தாலும் அடைப்பு வேலை மலிவல்ல. மழைக்கு மழை அதே இடத்தில் தகடு மேல் தகடாக ஒட்டியே தீர வேண்டும். ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள நல்ல தகட்டில் ஓர் அங்குலம் கருகிப் போகும். மூன்றாவது முறை வெட்டிச் செய்யலாம் என்று நினைத்தால் ஒட்டுவதற்கு ஓரமே இருக்காது. ஒரு முறை ஒழுங்காக வெட்டிப் போட்ட தரைக்கு ஆகும் கூலியை மூன்று அடைப்புக் கூலியோடு ஒப்பிட்டு வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். முழுத் தரையும் மாற்ற முடியாதவருக்கு, பெல்ட், சீட், சஸ்பென்ஷன் மாட்டிய பக்கத்தை மட்டும் இந்த வருஷம் வெட்டிச் செய்துவிட்டு, வெறும் கால் வைக்கும் இடத்தைச் சுத்தம் செய்து பிரைமர் அடித்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். வேலையைப் பிரிப்பதில் தவறில்லை, மறைப்பதில்தான் தவறு.

"அப்படியென்றால் இந்த வண்டிகளையெல்லாம் காயலான் கடைக்கே அனுப்பிவிடலாமே" என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆண்டிமடத்தைச் சுற்றி முந்திரிக் காட்டு ஊர்களில் இரவில் ஒரு பிரசவம் என்றால் ஜெயங்கொண்டத்துக்கோ அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடுவது பல நேரம் யாரோ ஒருவருடைய பழைய ஓம்னிதான். 796 சி.சி. என்ஜின், தெருவோர மெக்கானிக்குக்கும் கைவந்த வண்டி, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்கச் சொல்வது இங்கே பலருக்கு வண்டியே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். தகடு சரியாக இருந்தால் அந்த வண்டி இன்னும் பல காலம் ஓடும். அதனால்தான் தகட்டைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் ரன்னிங் போர்டும் குறுக்குக் கட்டும் பட்டை பிராக்கெட்டும் ஒருசேரப் போய்விட்ட வண்டியும் வரும். அதை ஒட்டிக் கொடுக்க எந்த வெல்டிங்காலும் முடியாது. அந்த ஒன்றை மட்டும் முடியாது என்று சொல்லத் துணிய வேண்டும்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்தது. வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்யும் வேலையில் அந்தப் புகை நேராக மூக்குக்குத்தான் வரும். நாலு கதவையும் திறந்து வைத்து, ஒரு ஃபேனைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். ஜி.ஐ. தகட்டை அப்படியே ஒட்டினால் கிளம்பும் வெள்ளைப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொடுக்கும், ஓரத்து முலாமைத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தம்பியை டேக் பிடிக்க விடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றாமல், பெட்ரோல் பைப்பையும் டேங்கையும் ஒதுக்காமல், ஓம்னிக்குள் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டே ராடைத் தொடாதீர்கள். தரைக்கு மேலே நிற்கும் உங்களுக்குத் தரைக்கு அடியில் தீ பிடித்தது தெரிய நேரமாகும்.

இவ்வளவையும் ஒரே ஒரு பட்டறைக்கு நேரில் போய்ச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதக் காரணம் உண்டு. ஒருவர் மட்டும் நேர்மையாக "வெட்டித்தான் செய்வேன், இவ்வளவு ஆகும்" என்றால், வண்டி அடுத்த பட்டறைக்குப் போகும், அங்கே பாதிக் காசுக்கு ஷீட் அடைத்துக்கொண்டு வந்துவிடும். நல்ல வேலைக்காரர் நஷ்டப்பட்டு, அடைப்பு வேலைக்காரர் பிழைப்பார். கொஞ்ச நாளில் நல்ல வேலைக்காரரும் அடைக்க ஆரம்பிப்பார். இதில் தனி ஆளின் நாணயம் ஒன்றும் செய்துவிட முடியாது. ஆயுத பூஜைக்கு எல்லாப் பட்டறையும் ஒரே நாளில் பொரியும் பூசணிக்காயுமாக வைக்கிறீர்கள், கூலி ஏற்றும்போது பேசி வைத்துக்கொண்டு ஏற்றுகிறீர்கள். பிளாட்பார வேலைக்கும் அப்படிப் பேசி வைத்துக்கொள்ள முடியும்.

நான் கேட்பது இவைதான். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரப் பட்டறைக்காரர்கள் ஒருநாள் கூடி, துருவின் மேல் தகடு ஒட்டுவதில்லை என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். வெட்டிப் போடும் வேலைக்கு அடி கணக்கில் ஒரு கூலி பேசி, எல்லாப் பட்டறையிலும் அதை எழுதித் தொங்கவிடுங்கள். துருவை வெட்டி எடுத்ததும், புதுத் தகடு ஒட்டி முடித்ததும், பிரைமர் அடித்ததும் என்று மூன்று கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்புங்கள். கோட்டிங் பூசுவதற்கு முன் அவரை வரச்சொல்லிக் காட்டிவிட்டுப் பூசுங்கள். பில்லில் எந்தப் பக்கம், எத்தனை கேஜ் தகடு, எந்த வெல்டிங் என்று இரண்டு வரி எழுதுங்கள். சீட் பெல்ட், பட்டை மாட்டிய இடம் போய்விட்ட வண்டியைச் செய்ய முடியாது என்று ஒருவர் திருப்பி அனுப்பினால், மற்றவர்களும் எடுக்காதீர்கள். இதையெல்லாம் இந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் பேசி முடித்துவிட்டால், கார்த்திகையில் நனைந்த மேட்டோடு முதல் ஓம்னி உங்கள் வாசலுக்கு வரும்போது வண்டிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதில் எந்தப் பட்டறைக்கும் குழப்பம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் பட்டறை வண்டிகளில் ஏறிப் போகும் ஒருவன்